பேச்சிக்கனியின் இரண்டு கல்யாணங்கள்

கோணங்குளத்தில் தங்கப்பழம், செல்லையா, முத்துக்குட்டி என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டார்கள். யோசித்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் திரை வரும். தங்கை பேச்சிக்கனியின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. வெள்ளிக்கிழமை புருஷனோடு வந்து பார்ப்பதாகப் போன் செய்தவள், "ஒரு படம் போச்சுன்னாலும் உங்க மூணு பேரு மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

பயந்துபோய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் மரியதாஸ் பொறுமைசாலி. புரியட்டுமே என்று எளிமையாகச் சொன்னார்.

"ஹார்ட் டிஸ்க் கல்யாண மண்டபம் மாதிரி அண்ணாச்சி. ரேம் பந்தி மாதிரி. பந்தி நீளமா இருந்தா வேலை சட்டுனு முடியும். பழைய டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டின்னு வேகமான புது டிஸ்க் போட்டிருவோம். ஐநூறு ஜிபி போதுமா?"

தங்கப்பழம் தம்பிகள் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துல எத்தன இலை விழுந்துச்சுல?"

"அறுநூறுண்ணே."

"ரெண்டு தடவ உக்காந்தவனையெல்லாம் கழிச்சிரு. ஐநூறு போதும்."

"ரேம் எட்டு ஜிபி போடுதேன்" என்றார் மரியதாஸ்.

"எட்டுப் பேருக்கா பந்தி?" செல்லையா கொதித்தான். "மாப்பிள்ள வீட்டாளுவளே பதினாறு பேரு வே! பதினாறு போடும்."

"பழைய போர்டு அண்ணாச்சி. எட்டுக்கு மேல ஏத்துக்காது."

மூவரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டாரை இரண்டு பந்தியாக உட்கார வைப்பது, அதற்காகத் தங்கையின் மாமனாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. முத்துக்குட்டி போன் போட்டுக் கேட்டான். எதற்கு என்று கேட்காமலே அவரும் மன்னித்தார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. பழைய டிஸ்க்கையும் கையில் கொடுத்த மரியதாஸ், "இதுலயும் கல்யாணம் இருக்கு, புதுசுலயும் இருக்கு. பத்திரம்" என்றார்.

வழியெல்லாம் தங்கப்பழம் யோசித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார். "ஏல, தங்கச்சிக்கு ரெண்டு கல்யாணம் ஆயிட்டுல்லா?"

"ஒரே மாப்பிள்ளதானண்ணே?"

"அதுதாம்ல அசிங்கம். கட்டுன பொண்டாட்டியவே எவனாவது மறுபடி கட்டுவானா? ஊரு சிரிக்கும். ஒண்ண ரத்து பண்ணணும்."

"அப்பம் பழசக் கிணத்துல போடுவோம்" என்றான் செல்லையா.

"மூத்த கல்யாணத்துக்குத்தாம்ல உரிமை. புதுசக் கழட்டிப் போடு" என்றார் தங்கப்பழம்.

தீர்ப்பு முத்துக்குட்டியிடம் வந்தது. அவன் வெகுநேரம் யோசித்தான். "ரெண்டு அண்ணன்மாரு சொல்லுததும் சரிதான்."

நியாயமாகப் பட்டது. இரண்டையும் கிணற்றில் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை புருஷனோடு வந்த பேச்சிக்கனி, நடந்ததைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் கல்யாணமே போச்சே!"

தங்கப்பழத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் ஆகாத பெண்ணின் பக்கத்தில் ஓர் ஆம்பளை நிற்கிறார்! அவசரமாக அவரைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மச்சான், நாந்தான்!"

"முறையெல்லாம் பேசி முடிச்ச பொறவு சொல்லலாம் தம்பி."

செல்லையா கேசரி கிண்டினான். அழுதுகொண்டிருந்த பேச்சிக்கனியின் கையில் காபித் தட்டைத் திணித்து அனுப்பினார்கள்.

முத்துக்குட்டி கதவோரம் நின்று மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அண்ணன் காதில் சொன்னான்.

"பையன் பரவால்லண்ணே. ஆனா நம்ம மச்சான் மாதிரி வராது."