நிமிடங்களுக்குப் பங்கு

“நாங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு, டீச்சர். அவன் ஏன் போனான்? நான் ஏன் இருக்கேன்?”

கேட்டவர் மிக்கேல். வயது ஐம்பத்திரண்டு. கருமணல் கரையில் கரைவலை இழுப்பவர்.

வலையின் ஒரு கயிற்றை அவர் பிடிப்பார். மறு கயிற்றை அவருடைய இரட்டை, கபிரியேல். மாசி மாதம் ஒரு காலையில் மறு கயிறு திடீரென்று தளர்ந்தது. மிக்கேல் திரும்பிப் பார்த்தபோது தம்பி மணலில் முகம் புதைத்துக் கிடந்தார். நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது.

கேள்வியை வாங்கிக்கொண்டவர் தில்லைநாயகி. அவருக்கு முப்பத்தாறு. மூடிப்போன ஐஸ் கிடங்கு ஒன்றில் இருந்துகொண்டு, அந்தக் கரை மணலின் கதிர்வீச்சை அளந்துகொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அணுவைப் பற்றிச் சொல்லுவார். அதனால் ஊருக்கே டீச்சர்.

“டாக்டர் என்ன சொன்னார், அண்ணே?”

“எனக்க நெஞ்சு எருமைக்க நெஞ்சாம்.”

“அப்புறம் என்ன?”

“அவன் போய்க் காட்டியிருந்தா, அவனுக்கும் அதத்தான் சொல்லியிருப்பாரு.”

மிக்கேல் சாவதற்குக் காத்திருந்தார்.

மகள் செலினுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. கல்யாண நாளை மட்டும் அவர் வைக்கவில்லை. தவக்காலம் போகட்டும் என்றார். போயிற்று. கோயில் திருவிழா முடியட்டும் என்றார். முடிந்தது. இரட்டையில் ஒன்று போனால் மற்றது நிற்காது என்று அவர் நம்பினார். கல்யாணப் பந்தலில் பிணம் கிடக்கக் கூடாது.

“எனக்க நேரம் எப்போன்னு தெரிஞ்சா, அதுக்குத் தக்கன நாள் வைக்கலாம். நீங்க படிச்சவங்க. சொல்லுங்க.”

டீச்சர் ஒரு கரண்டி கருமணலை எடுத்து ஒரு தட்டில் கொட்டினார். தட்டை, கதிர்வீச்சைச் சத்தமாக்கிக் காட்டும் கெய்கர் கருவிக்குக் கீழே வைத்தார்.

டிக்.

டிக் டிக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டிக்.

“இது என்ன?”

“மணலுக்குள்ள தோரியம்னு ஒண்ணு இருக்கு. அதோட அணு உடையும். உடைஞ்சு பிறந்த பிள்ளைகளும் உடையும். அந்தச் சத்தம்.”

“நான் என்ன செய்ய?”

“எண்ணுங்க. நிமிசத்துக்கு எத்தனைன்னு இந்த நோட்டில எழுதுங்க.”

“எதுவரைக்கும்?”

டீச்சர் வெளியே போய்விட்டார்.

மூன்று நாள் மிக்கேல் எண்ணினார். காலையில் கடல்மூட்டம் கிடங்குக்குள் வந்து அவருடைய மடியில் உட்காரும். வெயில் ஏறியதும் எழுந்து போகும். சத்தம் தட்டிலிருந்து வருகிறதா, தன் நெஞ்சிலிருந்தா என்று சில நேரம் அவருக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் டீச்சர் நோட்டைத் திறந்தார்.

இருபது. இருபது. இருபத்தொன்று. இருபது. பத்தொன்பது. இருபது.

பக்கம் பக்கமாக அப்படியே.

“இதை எழுதினது யாரு?”

“நாந்தான்.”

“மணல் இப்படி எழுதாது, அண்ணே.”

மிக்கேல் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“நான் பங்கு போடுறவன், டீச்சர்.”

இருபது வருடமாக, வலையில் ஏறிய மீனைக் கரையில் கூறு பிரிப்பவர் அவர்தான். அவருடைய கை பிரித்த கூற்றை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

“ஒரு நிமிசத்துக்குப் பதினொண்ணு. பக்கத்து நிமிசத்துக்கு இருபத்தெட்டு. என்ன நியாயம் இது? பாத்துட்டு இருக்க முடியல. கூடினதுல இருந்து எடுத்து, கொறஞ்சதுக்குக் குடுத்தேன்.”

“நடுவுல நீங்க ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா?”

“சே! ஒரு டிக் எடுக்கல.”

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு பக்கத்தைக் கூட்டினார். கருவி தானாகப் பதிந்து வைத்திருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டார்.

“மொத்தம் சரிதான்.”

“பொறவு என்ன?”

“ஒவ்வொரு நிமிசமும் பொய்.”

மிக்கேல் தட்டைப் பார்த்தார். கரிய மணல் அசையாமல் கிடந்தது.

“இந்தத் தோரியம் அணு எல்லாம் ஒண்ணுபோலத்தானா?”

“ஒண்ணுபோலத்தான்.”

“ஒரு மயிரிழை வித்தியாசம்?”

“இல்ல.”

“அப்போ ஏன் இது உடையுது, அது உடையல?”

டீச்சர் பையிலிருந்து ஒரு வறுத்த கடலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். மிக்கேலும் போனார்.

“அணுவோட நடுவில இருக்கற கரு இந்தக் கடலை அளவுன்னு வைங்க. புரோட்டான், நியூட்ரான் எல்லாம் இதுக்குள்ள.”

“பிள்ளைக சொல்லுமே, எலக்ட்ரான், அது?”

“நடங்க, சொல்றேன்.”

மிக்கேல் நடந்தார். பத்து எட்டு. ஐம்பது எட்டு. மூட்டத்துக்குள் டீச்சர் மங்கினார். நூறு எட்டு. சேலையின் நிறம் கரைந்தது. நூற்றைம்பதாவது எட்டில் குரல் மட்டும் வந்தது.

“அங்கதான்! அங்கதான் அணுவோட ஓரம்!”

“இடையில என்ன கெடக்கு?”

“ஒண்ணும் இல்ல!”

அவர் அந்த ஒன்றுமில்லாததற்குள் மெல்லத் திரும்பி வந்தார். காலடி மணலெல்லாம் இப்படித்தானா என்று நினைத்தார். இத்தனை வெறுமை. ஆனாலும் கால் உள்ளே போகவில்லை.

“இவ்வளவு இடம் இருந்தும் இந்தக் கடலைக்கு என்ன நெருக்கடி?”

“உள்ள கூட்டம் அதிகம். தொண்ணூறு புரோட்டான். ஒண்ணை ஒண்ணு தள்ளுது. பிடிச்சு ஒட்டவைக்கற விசையும் இருக்கு. ஒரு நாள் ரெண்டு புரோட்டானும் ரெண்டு நியூட்ரானும் சேர்ந்து வெளிய பாஞ்சிடும். அதுக்கப்புறம் அது தோரியம் இல்ல. ரேடியம்.”

“எந்த நாள்?”

டீச்சர் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

கிடங்குக்குத் திரும்பினார்கள். மிக்கேல் விடவில்லை.

“மொதல்ல வந்தது மொதல்ல போகுமா?”

“வரிசையே கிடையாது. இன்னும் ஆயிரத்து நானூறு கோடி வருசத்தில பாதி போயிருக்கும். அது எனக்குத் தெரியும். எந்தப் பாதின்னு தெரியாது.”

“உங்களுக்கேவா?”

“யாருக்கும்.”

“இத்தன காலம் காத்துக் கெடந்து தளந்து போயிருக்குமே?”

“பூமிக்கு முன்னாலயே இருந்த அணு இது. இன்னும் ஒரு நாள்கூட வயசாகல. உடையற நொடி வரைக்கும் புதுசு.”

“கூட இருந்தது போனா?”

“பக்கத்துல இருக்கறதுக்குத் தெரியாது.”

மிக்கேல் கயிறு பிடிக்கும் தன் கையைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியுமே, டீச்சர்” என்றார் பிறகு.

“ஆமா” என்றார் டீச்சர். “நீங்க மனுசன். உங்களுக்கு வயசாகும். டாக்டர் கூப்பிட்டா போகணும். பீடியை விடணும்.”

“அது வேற.”

“அதுவும்தான்.”

டிக். டிக்.

“சரி, அண்ணே. கண்ணை மூடிக்கோங்க. அடுத்த சத்தம் வர்றதுக்குச் சரியா ஒரு நொடி முன்னாடி விரலைத் தூக்குங்க.”

மிக்கேல் கண்ணை மூடினார். விரலைத் தூக்கினார். சத்தம் வரவில்லை. விரலை இறக்கினார். இரண்டு சத்தம் வந்தது. மறுபடி தூக்கினார். ஒன்றுமில்லை. வலைக்குள் எவ்வளவு மீன் என்று கயிற்றின் கனத்தை வைத்தே சொல்லுகிறவர். நெற்றி வேர்த்தது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தார்.

டீச்சர் எட்டிக் கருவியை அணைத்தார்.

மிக்கேலின் விரல் அப்படியே நின்றது.

“ஏன் நிறுத்தினீங்க?”

“மணல் இப்போ உடையுதா, இல்லையா?”

“அது உடஞ்சிட்டுத்தான் இருக்கும்.”

“நீங்க?”

அவர் கண்ணைத் திறந்தார். வெளியே கடல் இருந்தது. நாலு நாளாக அந்தப் பக்கம் அவருடைய காது போகவில்லை. யாரோ கரைவலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். கரையில் ஒரு நாய் குரைத்தது. மூட்டம் விலகியிருந்தது.

மிக்கேல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தேடித் தேடி எண்ணை அழுத்தினார்.

“செலின்.”

“என்னப்பா? நெஞ்சு வலிக்கா?”

“இல்ல. உனக்குக் கல்யாணத்த எந்த மாசம் வைக்கணும், மக்களே?”