மூன்று செம்பு பானகம்

கேளுங்கள், குட்டிகளே, குட்டிகளைப் பெற்றவர்களே. கடல்நீரில் இன்னும் உப்புக் கரையாத காலத்தில் வில்லவராயன் என்றொரு ராஜா இருந்தான். அவன் அரண்மனையில் ஒரு வழக்கம். விருந்தென்றால் முதல் மரியாதை யாருக்கென்று முடிவாக வேண்டும். அதுவரை பந்தியில் யாரும் சாப்பிடக்கூடாது, யாரும் எழுந்திருக்கக்கூடாது. ராஜாவும்தான்.

அந்த வருஷப் பிறந்தநாள் விருந்தில் ராஜாவுக்கு ஒரு விபரீத ஆசை. "என் உடம்புக்குள் முதல் மரியாதை யாருக்கு?" என்று கேட்டுவிட்டான்.

முதல் பண்டிதர் கனைத்தார். "இதயத்துக்கு, மன்னா. ரத்தத்தை உச்சி முதல் பாதம் வரை ஓட்டுவது அதுதான்."

இரண்டாம் பண்டிதர் சிரித்தார். "மூளைக்கு. நரம்பு வழியே அது ஆணை அனுப்பாவிட்டால் சுண்டுவிரல்கூட அசையாது."

மூன்றாம் பண்டிதருக்குக் கோபம். "வயிற்றுக்கு. சோற்றைக் கரைத்துச் சத்தாக்குவது யார், உமது தாத்தாவா?"

இப்படியே மூன்று நாழிகை. சோறு ஆறியது. நெய் உறைந்தது. அப்பளம் நமுத்தது.

ராஜாவுக்குப் பின்னால் வெற்றிலைப் பெட்டியோடு நின்ற மருதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி சுமக்கிறவள் சபையில் பேசக்கூடாதுதான். வாய் கேட்டால்தானே?

"மூவரும் தப்பு," என்றாள்.

"வெற்றிலை மடிக்கிறவளுக்கு வைத்தியம் வேறா?" என்றார் மூன்றாமவர்.

ராஜா மீசையை நீவினான். "தப்பென்று காட்டு, மருதி. காட்டாவிட்டால் பெட்டியை வைத்துவிட்டு ஊரை விட்டுப் போ."

அவளுக்கிருந்த ஒரே பிழைப்பு அந்தப் பெட்டி. யோசித்தாள். "தொண்டை வறண்டிருக்குமே, மகாராஜா" என்று ஒரு செம்பு பானகம் நீட்டினாள். குடித்தான். இதயப் பண்டிதர் மறுபடி பேசினார். இரண்டாம் செம்பு. மூளைப் பண்டிதர் பேசினார். மூன்றாம் செம்பு. வயிற்றுப் பண்டிதர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

மருதி ராஜாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் விரல்கள் மடங்கின. பிறகு முட்டி ஆடியது. பிறகு ராஜா மெல்ல எழப் பார்த்தான்.

"முதல் மரியாதை யாருக்கென்று முடிவாகவில்லையே, உட்காருங்கள்," என்றாள் மருதி.

"அவசரம்," என்றான் ராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கூப்பிடுவது யார்? இதயமா, மூளையா, வயிறா?"

ராஜா குரலைத் தாழ்த்தினான். "கீழே இருக்கிறவன்."

"அவன் வெறும் குடம், மகாராஜா. அதை நிரப்புவது இடுப்புக்குப் பின்னால் அவரை விதை போல இருக்கும் இரண்டு சிறுநீரகங்கள். இவர்கள் வாதாடிய நேரமெல்லாம் அவை உங்கள் ரத்தத்தைச் சலித்து அழுக்கை இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு பண்டிதராவது அவற்றின் பேரைச் சொன்னாரா?"

"அவற்றுக்கே முதல் மரியாதை. வழியை விடடி."

"அதுவும் தப்பு," என்றாள் மருதி, நகராமல். "பானகத்தை வாங்கிக்கொண்டது வயிறும் குடலும். ரத்தத்தைச் சிறுநீரகங்களுக்குத் தள்ளியது இதயம். குடம் நிறைந்ததை உணர்ந்தது மூளை. இனி ஓடப்போவது எலும்பும் தசையும். அப்போது மூச்சு வாங்கப்போவது நுரையீரல். இதில் யாரை முதலில் உட்கார வைப்பீர்கள்? நிதானமாகச் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை."

"யாரையும் இல்லை. எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாறுங்கள்" என்று சொல்லிக்கொண்டே ராஜா ஓடினான். கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் அப்படியொரு தெளிவு. அன்றோடு முதல் மரியாதை ஒழிந்தது. மருதி பெட்டியைக் கீழே வைத்தாள், ஊரை விட்டுப் போவதற்கல்ல, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு.

ஆகவே, ஒன்றுக்கொன்று கைகொடுத்துப் பிழைக்கும் இடத்தில் முதல்வன் யாரென்று கேட்கிறவன், எல்லோருடைய சோற்றையும் ஆறவைக்கிறான்.