சிலுப்பன் கட்டிய கண்ணாடிக் குளம்

காட்டு நடுவில் ஒரு குளம் இருந்தது. கரையில் சேறு, தண்ணீரில் பாசி, மேலே கொசு. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது.

ஒருநாள் யானைக்குட்டி கொம்பையன் தண்ணீர் குடிக்க இறங்கினான். நாலு காலும் சேற்றில் புதைந்துவிட்டன. அவன் போட்ட கத்தலில் காடே கூடிவிட்டது. கூட்டத்தின் தலைவி பெரியாத்தா முன்னால் நின்று இழுத்தாள். அத்தைகள் பின்னால் நின்று தள்ளினார்கள். மத்தியானம் ஆனது அவனை வெளியே எடுக்க.

பெரியாத்தாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"இதெல்லாம் ஒரு குளமா? உள்ள சேத்தத் தவிர என்ன இருக்கு? கரைய ஒடச்சி விடுறேன். தண்ணி ஓடிப் போகட்டும். புல்லாவது மொளைக்கும்!"

காலைத் தூக்கிவிட்டாள். ஒரு மிதி போதும், கரை காலி. அதற்குள் நீர்நாய் சிலுப்பன் குறுக்கே வந்து விழுந்தான்.

"ஆத்தா, ஆத்தா! ஒரு நிமிஷம்! உள்ள எவ்வளவோ உயிர் இருக்கு. நீங்க மேல நின்னு பாக்குறீங்க, அதான் தெரியல!"

"அப்போ காட்டு!"

"பத்து நாள் குடுங்க. தண்ணிக்குள்ள தலைய விடாமலே, உள்ள நடக்குறத எல்லாம் பாக்க வைக்கிறேன்."

"பதினோராம் நாள் காலையில வருவேன். பாக்குற மாதிரி ஒண்ணும் இல்லைன்னா மிதிதான்!"

யானைகள் போய்விட்டன. வாயைக் கொடுத்த சிலுப்பன் கரையில் அங்கும் இங்கும் ஓடினான். குளம் போனால் மீன் போச்சு, தவளை போச்சு, சிலுப்பனும் போச்சு.

ஆனால் அவனுக்கு மூளை உண்டு. கரையை ஒட்டி மண்ணுக்குள் ஒரு சுரங்கம். சுரங்கத்தின் ஒரு பக்கச் சுவர் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளம். உள்ளே நடந்து போனால், நனையாமலே மீனோடு மீனாக நடக்கலாம். இதுதான் அவன் போட்ட திட்டம்.

ஈட்டி என்கிற முள்ளம்பன்றி சுரங்கம் தோண்டினான். காட்டோரம் இடிந்து கிடந்த பங்களாவிலிருந்து மந்திகள் பெரிய ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தன. குளவிகள் விளிம்பெல்லாம் களிமண் பூசின. கடைசியில் கண்ணாடிக்கும் குளத்துக்கும் நடுவே இருந்த மண்ணை நண்டுகள் பறித்துத் தள்ளின. ஐந்தே நாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

சிலுப்பன் உள்ளே போய்ப் பார்த்தான். பழுப்புத் தண்ணீர், பாசி, நத்தை. அதுவும் கண்ணாடிக்கு நேர் எதிரே, கொம்பையன் மாட்டிக்கொண்டபோது விழுந்த நாலு பெரிய குழி!

"ஐயையோ! இதப் பாத்தா ஆத்தாவுக்கு மறுபடியும் கோபம் வருமே! மறைங்கடா!"

குழிகளை மறைத்துக் கல்லால் ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தொட்டி மாதிரி ஆகிவிட்டது. அதிலிருந்த சேற்றைச் சிலுப்பன் வாரினான். பாசியைப் பிடுங்கினான். ஓடையிலிருந்து வெள்ளைக் கூழாங்கல் கொண்டுவந்து பரப்பினான். நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"எங்கள ஏம்பா தூக்குற?" என்று கேட்டது ஒரு நத்தை.

"நீ பாக்க நல்லா இல்ல."

"நான் என்னைக்குய்யா நல்லா இருந்தேன்? அழுக்கத் தின்னுக்கிட்டு ஓரமா கெடக்கேன்."

"அதான் வேணாம்ங்கிறேன். விருந்தாளி வர்ற நேரத்துல அழுக்குத் தின்னா அசிங்கமா இருக்காதா?"

நத்தை சுவரைத் தாண்டிப் போய்த் தொப்பென்று விழுந்தது.

அடுத்து, கலர் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் விரால் மீன் செவந்தியின் குஞ்சுகள் மிளகாய்ப் பழம் போலச் சிவப்பாகத் திரிந்தன. சிலுப்பன் ஒரு பெரிய இலையைக் குவித்து அத்தனையையும் அள்ளினான். செவந்தி ஒரே துள்ளலில் சுவரைத் தாண்டிப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"டேய்! எம்புள்ளைங்கள எங்கடா தூக்கிட்டுப் போற?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. கண்ணாடிக்குப் பின்னால கலரா இருக்கணும்."

"கலரா? ஒளிய எடமில்ல, திங்க ஒரு புழு இல்ல. எம்புள்ளைங்க கூழாங்கல்லையா திங்கும்?"

"நாலஞ்சு நாள்தானேக்கா! நம்ம குளத்தைக் காப்பாத்துறோம்ல?"

மீன் வந்த முதல் நாள் பிரமாதமாகத்தான் இருந்தது. வெள்ளைக் கல், தெளிந்த தண்ணீர், சிவப்பு மீன். மந்திகள் கைதட்டின. சிலுப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் போல ஆனது. நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கண்ணாடியில் வழவழவென்று ஏதோ படிந்தது. சிலுப்பன் இலையை வைத்து அழுத்தி அழுத்தித் துடைத்தான். வழவழப்பு தண்ணீர்ப் பக்கம். அவன் துடைத்ததோ சுரங்கத்துப் பக்கம்.

"மூங்கில் குழாய வெச்சு தண்ணிக்குள்ள காத்து ஊதுங்கடா!" என்று மந்திகளை விரட்டினான்.

"ஊதி ஊதி எங்களுக்கு மூச்சு நின்னுடும் போலிருக்கு!" என்றது ஒரு மந்தி.

ஈட்டி மெதுவாகக் கேட்டான். "அண்ணே, பேசாம சுவர எடுத்துரலாமா?"

"எடுத்தா குழி தெரியும்டா! சும்மா இரு!"

பதினோராம் நாள் காலை. பூமி அதிர யானைக்கூட்டம் வந்தது. பெரியாத்தா சுரங்க வாசலைப் பார்த்தாள். சிலுப்பனைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள நான் எப்படிடா நுழையிறது?"

தோண்டும்போது அது யாருக்கும் தோன்றவே இல்லை.

"நான் நுழைஞ்சேனே..." என்றான் ஈட்டி.

"நான் பாக்குறேன் ஆத்தா!" என்று கொம்பையன் தலையை உள்ளே விட்டான். கழுத்துவரை சுரங்கம், மிச்சம் வெளியே.

"என்னடா தெரியுது?"

"கலங்கலா இருக்கு ஆத்தா. மீனெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மேல மேல வருது. பாவமா இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்!" பெரியாத்தாவின் கால் கரைக்கு மேலே உயர்ந்தது.

சிலுப்பன் தொட்டியைப் பார்த்தான். துவண்டுபோன குஞ்சுகளைச் செவந்தி மூக்கால் முட்டி முட்டி மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவனால் பொய்யாக நிற்க முடியவில்லை.

"ஆத்தா, இது குளத்தோட தப்பு இல்ல. நான் பண்ணது. சேறு அசிங்கம்னு வாரிப் போட்டேன். நத்தையத் தூக்கி எறிஞ்சேன். குளத்தக் காட்டுறேன்னு சொல்லிட்டு குளத்தையே மறைச்சு வெச்சேன்!"

சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் குதித்தான். சுவரின் அடிக்கல்லை உருவினான். கற்கள் சரிந்தன. பழுப்புத் தண்ணீர் பாசியோடும் சேற்றோடும் உள்ளே புரண்டு வந்தது.

"ஆத்தா, இப்போ சுத்தமா ஒண்ணுமே தெரியல!" என்று கத்தினான் கொம்பையன்.

"சேறு அடியில உக்காரணும் ஆத்தா, கொஞ்சம் பொறுங்க!" என்றான் சிலுப்பன்.

"தூக்குன காலு வலிக்குதுடா. சீக்கிரம்!"

சேறு மெல்ல மெல்ல அடியில் படிந்தது.

"ஏதோ ஊருது," என்றது சுரங்கத்துக்குள்ளிருந்து கொம்பையனின் குரல். "நத்தை! கண்ணாடிய நக்குது! நக்குன எடமெல்லாம் பளிச்சுனு தெரியுது ஆத்தா! பாசியில முத்து முத்தா காத்து நிக்குது. தலப்பிரட்டை வால ஆட்டுது. அந்தச் செவப்பு மீனுங்க ஏதோ கொறிக்குதுங்க. அம்மா மீனு அதட்டி அதட்டிக் கூட்டிட்டுப் போகுது. ஒரு குழிக்குள்ள போறாங்க..."

திடீரென்று அலறினான்.

"ஆத்தா! என் காலு!"

"ஐயோ! காலுக்கு என்னடா ஆச்சு?"

"காலுக்கு ஒண்ணும் ஆகல! நான் மாட்டுனேன்ல, அந்தக் குழி! நாலு குழியிலயும் குடித்தனம் நடக்குது ஆத்தா!"

பெரியாத்தாவின் கால் கீழே இறங்கியது. கரைமேல் இல்லை, தரையில். பிறகு கொம்பையனை ஒதுக்கிவிட்டு, தும்பிக்கையை நீட்டிச் சுரங்கத்தின் கூரையை மூடியைத் திறப்பது போலப் பெயர்த்து எறிந்தாள். ஈட்டி அலறிக்கொண்டு ஓடினான். அவள் குனிந்து, நத்தை துடைத்த தடத்தின் வழியே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

செவந்தி கண்ணாடிப் பக்கம் வந்தாள். "நாரையோட மூக்கு எட்டாத எடம் இந்தக் குளத்துல இது ஒண்ணுதான். எந்த மகராசன் மிதிச்ச குழியோ, எம்புள்ளைங்க பொழைச்சுக் கெடக்குதுங்க!"

"அந்த மகராசன் இவன்தான்டி!" என்று பெரியாத்தா சிரித்தாள். காடு குலுங்கியது. கொம்பையன் இரண்டு காதையும் இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

கரை தப்பியது. சுவருக்கு வைத்த கல்லை எல்லாம் யானைகளே தூக்கிப்போய், குட்டிகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இடத்தில் படியாகப் போட்டன. கூரை இல்லாத அந்தச் சுரங்கத்தில் தினமும் கூட்டம். வருகிறவர்களிடம் சிலுப்பன் முதலில் நத்தையைத்தான் காட்டுவான்.

"பாத்து நில்லுங்க, மறைக்காதீங்க. அவர் வேலை பாத்துக்கிட்டு இருக்காரு!"

பார்க்கிறவர் முகம் சுளிப்பாரோ என்று பயந்து அழுக்கை எல்லாம் வாரி வெளியே கொட்டினால், அதை நம்பிப் பிழைக்கிற உயிரும் சேர்ந்தே போய்விடும். அதனால் உள்ளதை உள்ளபடியே காட்டுங்கள்.