ஆறு கொண்டுபோன மேடு

ஆற்றங்கரை மடத்துக்குத் திருவம்பலம் சீடராக வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மடத்துச் சாமியம்மா அவரைவிட இளையவர். இவர் "அம்மா" என்பார், சாமியம்மா "அண்ணாச்சி" என்பார்.

ஞானம் தேடி வந்த மனுஷர் என்றுதான் ஊர் நினைத்தது. ஞானமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மூன்று வயதில் காய்ச்சலில் போன மகள் ஆவுடையை அந்தக் கரையில்தான் புதைத்திருந்தார். அவளுக்குப் பக்கத்தில் கிடக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். சாமியம்மாவுக்கு அது தெரியும். கேட்டதில்லை.

சாயங்காலம் ஆனால் அவளைப் புதைத்த மேட்டருகே போய் உட்கார்ந்து, மடத்தில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதுவரை ஒன்றுவிடாமல் சொல்வார். இருந்திருந்தால் இந்நேரம் அவளுக்கே பிள்ளைகள் இருக்கும். அவர் பேசியதோ அந்த மூன்று வயதுக்காரியோடு. அந்த ஏக்கம் அவருக்கு ஆறவே இல்லை.

அந்த இடத்தில் ஆறு வளைந்து திரும்பும். வெள்ளம் வரும்போதெல்லாம் கரையில் ஒரு வாய் கடித்துக்கொண்டு போகும். திருவம்பலம் விடுவாரா? பூசை முடிந்த கையோடு கல் சுமக்கக் கிளம்பிவிடுவார். மேட்டுக்கு முன்னால் சுவர்போல அடுக்கினார்.

"கல்லுல மோதுற தண்ணி சும்மா திரும்பாது அண்ணாச்சி" என்று சாமியம்மா ஒருமுறை சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை.

ஐப்பசி வெள்ளம் கல்லில் மோதிச் சுழித்தது. அடிமண்ணைத் தோண்டியது. கல் சரிந்தது, கூடவே மேடும் சரிந்தது.

வெள்ளம் வடிந்ததும் திருவம்பலம் துணிமூட்டையோடு சாமியம்மா முன்னால் வந்து நின்றார்.

"கெளம்பிட்டீங்களா?"

"இனி இங்க எனக்கு என்ன இருக்கும்மா? காப்பாத்தப் போயி நானே தள்ளிவிட்டுட்டேன். ஒரு பிடி மண்ணுகூட மிஞ்சல." ஆற்றின் பக்கம் திரும்பினார். "எம்புள்ள எங்க போனா? அத மட்டும் சொல்லுங்க, போயிருதேன்."

சாமியம்மா ஆற்றோரமாக, தண்ணீர் போகும் திசையில் நடந்தார். அவரும் பின்னாலேயே போனார்.

அடுத்த வளைவில் ஆறு வேகம் தணிந்து ஓடியது. அங்கே போன மாதம் இல்லாத மண்திட்டு ஒன்று கிடந்தது. ஈரம் காயாத புது வண்டல். காக்கையின் கால்தடம்கூட அதில் விழவில்லை.

"மேல கரைச்சத ஆறு இங்கதான் எறக்கி வைக்கும்" என்றார் சாமியம்மா.

திருவம்பலம் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பார்த்தார். ஒரு தெருவே குடியேறலாம், அவ்வளவு பெரிய திட்டு.

"இம்புட்டு மண்ணுல எம்புள்ள எந்த எடத்துல இருக்காள்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி. செருப்பக் கழத்திட்டு நடங்க."