ஒரு மூடித் தண்ணீர்

ஆசீர்வாதத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஆசீர்வாதமும் சேர்ந்து சிரிப்பார். "என் மூத்த மகளைவிட நாலு வயசுதான் கூட. ஆனா வேதத்தைத் திறந்துட்டாங்கன்னா எனக்கே அம்மா மாதிரி ஆயிருவாங்க" என்பார்.

குருவின் பெயர் கிருபாவதி. எல்லாருக்கும் சிஸ்டர். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், ஓடு வேய்ந்த ஜெபவீடு ஒன்றை நடத்திவந்தார். ஊழியத்துக்குப் போக விரும்புகிறவர்கள் அங்கே வந்து ஒரு வருஷம் தங்குவார்கள். வேதம் படிப்பார்கள், தண்ணீர் இறைப்பார்கள், சிஸ்டரிடம் திட்டு வாங்குவார்கள். வருஷம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உபதேசியார் என்று ஒரு கிராமத்துக்கு அனுப்புவார்கள்.

ஆசீர்வாதம் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். அப்போது அவர் பெயர் மாடசாமி. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு ஞானஸ்நானம் எடுத்தார். பெயர் மாறியதே தவிர, கை மாறவில்லை. ஜெபவீட்டிலும் எல்லாருடைய தலையையும் எண்ணி முடிக்காமல் ஜெபத்தைத் தொடங்க விட மாட்டார்.

அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் வந்து நின்றார்.

"சிஸ்டர், ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"இயேசு ஒருத்தர்தான் வழியா?"

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வருஷம் இங்க சோறு தின்னுட்டு இதைக் கேக்கீங்களா?"

"பதில் தெரியும். நீங்க வேற ஏதாவது சொல்லிருவீங்களான்னு பாக்கேன்."

"ஒருத்தர்தான்."

"சின்னதா ஒரு சந்துகூடக் கிடையாதா?"

"கிடையாது."

ஆசீர்வாதம் தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை. தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எங்க அம்மா சாட்சியை நான் சொல்ல முடியாது சிஸ்டர்."

"ஏன்? லெந்து உபவாசக் கூட்டத்துல சொன்னீங்களே. சபையே அழுதுச்சு."

அந்தச் சாட்சி அந்த வட்டாரத்தில் பிரபலம். ஆசீர்வாதத்தின் தாயார் மாடத்தியம்மாள் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது, மகன் சொன்ன சுவிசேஷத்தைக் கேட்டு, கண்ணீரோடு ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, மகன் கையாலேயே ஞானஸ்நானம் வாங்கி, சிரித்த முகத்தோடு கண்ணை மூடினார். மூன்று ஊர்களில் இதைச் சொல்லியிருந்தார். மூன்று ஊர்களிலும் ஜனங்கள் அல்லேலூயா என்று எழுந்து நின்றார்கள்.

"அது பொய்" என்றார் ஆசீர்வாதம்.

சிஸ்டரின் கை உளுந்தில் நின்றது.

"என்ன நடந்துச்சு?"

"அம்மாவுக்கு நினைவு இல்ல. டாக்டரு கையை விரிச்சிட்டாரு. பக்கத்துல யாருமில்ல. தங்கச்சி காப்பி வாங்கப் போயிருந்தா. எனக்குப் பதறிப்போச்சு. தண்ணி பாட்டிலைத் திறந்து, அந்த மூடியில ஊத்தி, அம்மா நெத்தியில விட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லிட்டேன். ஒரு மூடித் தண்ணி. அவ்வளவுதான்."

"சரி."

"அம்மா கண்ணை முழிச்சிட்டா."

ஆசீர்வாதம் மடித்த துண்டை மறுபடி பிரித்தார்.

"முந்தானையை எடுத்துத் துடைச்சா சிஸ்டர். நல்லா அழுத்தித் துடைச்சா. 'ஏய் மாடசாமி, எதுக்குல தண்ணியக் கொட்டுத, துண்ணூறு அழிஞ்சிபோச்சுல்லா'ன்னா. தலகாணிக்கு அடியில எப்பவும் ஒரு திருநீத்துப் பொட்டலம் வச்சிருப்பா. 'எடுத்துப் பூசி விடு'ன்னா."

"பூசினீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"நர்ஸைக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். நான் விசுவாசி, நான் எப்படிப் பூசுவேன்? வராண்டாவுல நின்னுக்கிட்டே இருந்தேன். திரும்பி உள்ள போனா, போயிட்டா. வெறும் நெத்தியோட போயிட்டா. அவ சாமியும் இல்ல, என் சாமியும் இல்ல."

பொய் சொன்னவர்கள் பிடிபடும்போது முகத்தில் ஒரு திருட்டுக்களை வரும். ஆசீர்வாதத்தின் முகத்தில் அது இல்லை. அம்மாவைத் தேடிக் களைத்துப்போன பிள்ளையின் களைதான் இருந்தது. அறுபத்திரண்டு வயதில் அது பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"எதுக்கு மாத்திச் சொன்னீங்க?" என்றார் சிஸ்டர். குரலில் கோபம் இல்லை.

"முதல் ஊர்ல வாய் தவறி வந்துருச்சு. சொல்லி முடிச்சதும் அம்மா முதல் வரிசையில உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. அதுக்காகத்தான் அடுத்த ஊர்லயும் சொன்னேன். சொல்லும்போது மட்டும் வாரா சிஸ்டர்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "முப்பத்தொரு வருஷம் டிக்கெட் எடுக்காத ஆளை நடு ரோட்டுல இறக்கிவிட்டிருக்கேன். மழையில இறக்கிவிட்டிருக்கேன். சட்டம்னா சட்டம். இப்ப அம்மாவை அங்க வாசல்ல இறக்கிவிடுவாங்களேன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கல. மோட்சத்துல அம்மா இல்லாம நான் மட்டும் போய் என்ன செய்ய?"

சிஸ்டர் முறத்தை ஓரமாக வைத்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க அண்ணாச்சி, கிடை வரைக்கும் போயிட்டு வருவோம்."

ஜெபவீட்டுக்குப் பின்னால், அறுவடை முடிந்த கம்பங்காட்டில், கொம்பையாக் கோனார் கிடை போட்டிருந்தார். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம் என்பதால், காட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு ஆடுகளைத் தங்கவைப்பார்கள். மூங்கில் படல்களை வட்டமாக நிறுத்தி, அதற்குள் ஆடுகளை அடைப்பார். ஒரே ஓர் இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பார்.

அவர்கள் போனபோது பொழுது விழுந்துகொண்டிருந்தது. கோனார் அந்த இடைவெளியில் நின்று, கம்பைக் குறுக்கே பிடித்து, ஒவ்வோர் ஆடாகக் குனியவிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தட்டு.

"வாங்க டீச்சரம்மா. வாங்கய்யா" என்றார், கையை நிறுத்தாமலே.

ஆசீர்வாதத்துக்குக் கண்டக்டர் புத்தி. சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாப் பக்கமும் படல் இருக்கு. வாசலுக்கு மட்டும் படல் இல்லையே?"

"அதுக்கு எதுக்குப் படல்? நாந்தான் குறுக்கப் படுத்துக்கிடுவேன்."

"எங்க? இதுலயா?"

"ஆமா. எம் மேல ஏறி மிதிக்காம ஒரு குட்டி வெளிய போக முடியாது, ஒரு நாய் உள்ள வர முடியாது. எங்கய்யா காலத்துல இருந்து இப்படித்தான்."

ஆசீர்வாதம் சிஸ்டரிடம் திரும்பினார்.

"இதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தீங்களா? இது எனக்குத் தெரியுமே. 'நானே வாசல்'னு ஆண்டவர் சொன்னதுதானே. ஒரு வாசல். அந்த வாசலும் ஒரு ஆளு. அவரு வழியா வந்தாத்தான் உள்ள. எங்க அம்மா வரல. வந்து தொட்டதையும் துடைச்சிட்டா. இன்னும் எத்தனை தடவை இதையே எனக்குச் சொல்லுவீங்க?"

"நான் இன்னும் ஒன்னும் சொல்லலையே அண்ணாச்சி" என்றார் சிஸ்டர்.

கடைசி ஆடு உள்ளே போனது. கோனார் கம்பைத் தாழ்த்தவில்லை. காட்டுப் பக்கம் பார்த்தார்.

"மொட்டைக்காதியைக் காணல."

"என்னது?"

"ஒரு கிழட்டு ஆடு. காது பாதி கிடையாது. பின்தங்கித்தான் வரும். ஆனா வந்துரும்." அவர் கையை வாயருகே குவித்து, "பா... பா..." என்று கூப்பிட்டார். காட்டிலிருந்து பதில் இல்லை.

தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "டீச்சரம்மா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் இந்த இடத்துல உக்காந்திருக்கணும். போயிட்டு வந்துருதேன்."

ஆசீர்வாதம் உள்ளே பார்த்தார். பழக்கத்தில் எண்ணியும் விட்டார். "எழுபதுக்கு மேல இருக்கு. அந்தக் கிழடு பால் குடுக்குமா?"

"பாலா? குட்டி போட்டே மூணு வருசமாச்சு."

"பின்ன எதுக்கு?"

கோனாருக்குக் கேள்வி விளங்கவில்லை. ஒரு நிமிஷம் ஆசீர்வாதத்தைப் பார்த்தார். பிறகு பழைய டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டு கல்குவாரிப் பக்கம் நடந்தார்.

இரண்டு பேரும் இடைவெளியில் உட்கார்ந்தார்கள். ஆடுகள் ஆசீர்வாதத்தின் முதுகில் வந்து முட்டின. ஒரு குட்டி அவர் துண்டைப் பிடித்து இழுத்தது. அவர் விடவில்லை, அதுவும் விடவில்லை. கடைசியில் துண்டை அதற்கே விட்டுவிட்டார்.

"பா... பா..." என்ற குரல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒடை முள்மரங்களுக்குப் பின்னால் ஒரு தடவை வெளிச்சம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. குரலும் நின்றுவிட்டது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் ஆசீர்வாதம்.

சிஸ்டர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கண்டுபிடிச்சிருவாரா?"

"தெரியல."

"அந்தக் குவாரிக் குழி ஆழமாச்சே சிஸ்டர். பழைய தண்ணி கிடக்கும். இந்த இருட்டுல இறங்கிருவாரா?"

"தெரியல அண்ணாச்சி."

ஆசீர்வாதம் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். யாரோ ஒருவருடைய காது அறுந்த கிழட்டு ஆடு. அது கிடைக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் சாட்சியை மறந்தார், ஞாயிற்றுக்கிழமையை மறந்தார். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கோனார் வந்தார். மார்பு வரை நனைந்திருந்தது. முழங்கை இரண்டும் சிராய்ந்து ரத்தம் கசிந்தது. தோளில் ஆடு கிடந்தது.

"கிடைச்சிருச்சா!" என்று ஆசீர்வாதம் ஓடினார்.

கிட்டே போனதும் நின்றுவிட்டார். ஆட்டின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் உயிர் இல்லை.

"குழிக்குள்ள விழுந்து கிடந்துச்சு" என்றார் கோனார். மூச்சு வாங்கியது. "இறங்கிப் பாக்கும்போதே முடிஞ்சிருச்சு."

"செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுமா தூக்கிட்டு வாரீரு? அவ்வளவு ஆழத்துல இருந்து?"

"எங்கிடை ஆடுல்லா."

"அதான் செத்துப்போச்சே."

"செத்தா?" கோனாருக்கு இப்போது கொஞ்சம் கோபம் வந்தது. "செத்தா வேற ஆளு ஆடு ஆயிருமாய்யா? நரி திங்க அங்கேயே போட்டுட்டு வரவா?"

அவர் இடைவெளி வழியாகக் குனிந்து உள்ளே போனார். மற்ற ஆடுகள் விலகி இடம் விட்டன. ஓர் ஓரத்தில் தன் கம்பளியை விரித்து அதன்மேல் கிடத்தினார். அரைக்காதைத் தடவி, ஒட்டியிருந்த சேற்றை விரலால் துடைத்துவிட்டார். பிறகு ஈர வேட்டியோடு வந்து இடைவெளியில் உட்கார்ந்தார்.

"நீங்க போங்க டீச்சரம்மா. இனி நான் பாத்துக்கிடுதேன்."

வரப்பு வழியாகத் திரும்பி நடந்தார்கள். சிஸ்டர் முன்னால், ஆசீர்வாதம் பின்னால். அவர் அழுதுகொண்டு வருகிறார் என்பது சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன சொல்ல சிஸ்டர்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"அம்மா துடைச்சதையுமா?"

"அதையும்."

"நான் பூசி விடாம வெளிய வந்ததையுமா?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்."

ஆசீர்வாதம் நின்றார். "சொல்லுதேன். ஆனா கேக்கிறவங்க விடமாட்டாங்களே. வேற வழி கிடையாதுன்னு பிரசங்கம் பண்ணுதியே, அப்ப உங்க அம்மா எங்கன்னு கேப்பாங்க. எனக்கே கேக்கணும்போல இருக்கு. அவ போயிட்டாளே சிஸ்டர். எல்லாம் முடிஞ்சிருச்சே."

சிஸ்டரும் நின்றார்.

"வாராவாரம் விசுவாசப் பிரமாணம் சொல்லுதீங்களே அண்ணாச்சி. சிலுவையில செத்த பிறகு, உயிரோட எழும்புறதுக்கு முன்னால, அவரு எங்க போனாருன்னு சொல்லுதீங்க?"

"செத்தவங்க இருக்கிற பாதாளத்துக்கு இறங்கினாருன்னு."

"அங்க யாரைத் தேடி இறங்கினாரு?"