காக்கா கூப்பிட்ட விருந்து

“விருந்துதான்! வேற என்னவா இருக்கும்?”ன்னு அடிச்சுச் சொல்லுச்சு மையன்ங்கிற காக்கா.

கேட்டது முள்ளம்பன்றி அண்ணாச்சி. பனங்காட்டுல வளை தோண்டுறப்பல்லாம் அதுக்கு ஒரு தொந்தரவு. கொஞ்ச ஆழத்துக்குக் கறுப்பு மண்ணு வரும். திடீர்னு ஒரு சாண் கனத்துக்கு வெள்ளை மணல். அதுக்குள்ள சிப்பி, சங்கு, நண்டு ஓடு. அதுக்குக் கீழே மறுபடியும் கறுப்பு மண்ணு. இன்னும் தோண்டினா மறுபடியும் வெள்ளை. இப்படி மூணு வரி. கடலோ அங்கேயிருந்து ரொம்பத் தள்ளி. அலைச்சத்தம் கூட காத்து இந்தப் பக்கம் அடிச்சாத்தான் கேக்கும். இந்தச் சிப்பியெல்லாம் இங்க எப்படி வந்துச்சு? அதான் அண்ணாச்சியோட கேள்வி.

“எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் கூப்பிட்டுச் சாப்பிடுறவங்க அண்ணாச்சி. கடல்ல இருந்து சிப்பியை அள்ளிட்டு வந்து, காட்டையே கூப்பிட்டு விருந்து வச்சிருக்காங்க. தின்னவங்க ஓட்டை இங்கேயே போட்டுட்டுப் போயிட்டாங்க!”

“சரி, சிப்பியைத் தின்னாங்க. மணலை எதுக்குய்யா தூக்கிட்டு வந்தாங்க? தொட்டுக்கவா?”

“உங்களுக்குக் கிழங்கைத் தவிர எல்லாத்துலயும் சந்தேகம்!”னு சிரிச்சுட்டுப் பறந்துருச்சு மையன்.

மையனுக்கு ஒரு பெருமை உண்டு. பிறந்ததுல இருந்து ஒரு பருக்கையைக் கூட யாரையும் கூப்பிடாம தின்னது கிடையாது. செத்த எலி கிடைச்சாலும் மரத்துமேல ஏறி நின்னு கத்தும். பாதி நாள், கத்தி முடிச்சுக் கீழே பார்த்தா எலி இருக்காது. வந்தவங்க தின்னுட்டுப் போயிருப்பாங்க. மையன் பட்டினிதான். ஆனா பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்ச்சுப்போச்சு. குளம் வெடிச்சுக் கிடந்துச்சு. பனங்காட்டுல ஒரு எலி இல்லை, ஒரு ஓணான் இல்லை. ரொம்பக் கஷ்டம் செம்பி நரிக்குத்தான். தண்ணி தேடிப் போன புருஷன் திரும்பி வரலை. வேடன் வச்ச கண்ணியில மாட்டி செம்பிக்கு முன்னங்கால் வேற நொண்டி. வீட்டுல மூணு குட்டி.

மூத்த ரெண்டும் தங்கமான பிள்ளைங்க. “எது கிடைச்சாலும் வாயில வச்சுக்கிட்டு நில்லுங்க. அம்மா வந்து பங்கு வைக்கிறேன்”னு செம்பி சொன்னா, பல்லு படாம வச்சுக்கிட்டு நிக்கும். கடைக்குட்டி வம்பன் மட்டும் அந்தச் சோலிக்கே போகாது. அது வாயில இருக்கிறதை எவனாவது பிடுங்கினா, காடு முழுக்கத் துரத்தி, திருப்பி வாங்காம வீட்டுக்கு வராது.

“இவனை எப்படித் திருத்தப் போறேனோ!”ன்னு செம்பி தலையில அடிச்சுக்கும்.

குட்டிங்க பசியில முனகுறதைக் கேட்டு மையனுக்கு மனசு தாங்கலை.

“அக்கா, நீ கவலைப்படாதே! கடலுக்கும் காட்டுக்கும் நடுவுல எங்க என்ன கிடைச்சாலும், முதல் சத்தம் உன் வாசல்லதான்!”

“உன் சத்தத்தை நம்பித்தான் தம்பி இந்த மூணும் உசிரோட கிடக்கு”ன்னுச்சு செம்பி.

மறுநாள் காலையில, காத்தே இல்லை, பனையோலை எல்லாம் சலசலன்னு அடிச்சுக்குது. மையன் உக்காந்திருந்த மட்டை ஆடுச்சு. அடுத்தாப்புல மரமே ஆடுச்சு. பார்த்தா, மரம் நிக்கிற மண்ணே முறத்துல போட்டுப் புடைக்கிற மாதிரி குலுங்குது! பனங்காய் பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு. முள்ளம்பன்றி வளை சரிஞ்சு, வெள்ளை மணல் அது முதுகுமேலயே கொட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு.

“என்னய்யா இது? எங்க தாத்தன் காலத்துல கூட மண்ணு ஆடுனதுன்னு கேள்விப்பட்டதில்லையே!”ன்னுச்சு காட்டுப்பன்றி.

கீரிக்கு எல்லாம் தெரியும். “பயப்படாதீங்க! பூமி தூக்கத்துல புரண்டு படுத்திருக்கு. இத்தனை காலம் ஆடாதது இன்னைக்கு ஆடிருச்சு. இனி நம்ம பேரன் காலத்துல பார்த்துக்கலாம்!”

எல்லாருக்கும் நிம்மதி. ஆபத்து முடிஞ்சுபோச்சுன்னு யாராவது சொல்லிட்டாப் போதும், ஏன்னு கேக்குற ஆள் எந்தக் காட்டுல இருக்கு?

மையன் ஒரு சுத்து சுத்திப் பார்க்கலாம்னு கடல் பக்கம் பறந்துச்சு. பறந்தது அப்படியே ஆகாசத்துல திகைச்சுப்போச்சு.

கடலைக் காணோம்!

அலை அடிச்ச இடத்துல ஈர மணல். அதுக்கும் அந்தப் பக்கம், என்னைக்கும் வெயில் படாத பாறை எல்லாம் மொட்டையா நிக்குது. பள்ளம் பள்ளமா மீன் துள்ளுது. சாளை, பாரை, கெளுத்தி, பேர் தெரியாத மீனெல்லாம். வெள்ளியை உருக்கிக் கொட்டின மாதிரி மின்னுது.

மையன் ஒரு சாளை பக்கத்துல போய் இறங்குச்சு. மூணு நாள் பட்டினி. மூக்கு அந்த மீன்மேல போயிருச்சு. ஆனா தொடலை. செம்பி வாசல் ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் பறந்துச்சு.

“அக்கா! எந்திரி! குட்டிகளைக் கூட்டிட்டு வா! கடல் நமக்குன்னு கதவைத் திறந்து வச்சிருக்கு! பன்றி மாமா, கீரியண்ணே, எல்லாரும் வாங்க! வாழ்நாள்ல இப்படி ஒரு விருந்து கிடைக்காது!”

பனங்காடே கிளம்புச்சு. நரிக்குட்டிங்க மூணும் அம்மாவை விட்டுட்டு முன்னாடி ஓடுச்சுங்க. செம்பி நொண்டி நொண்டிப் பின்னால போச்சு. அது முகத்துல சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாசம் ஆயிருந்துச்சு.

வழியில முள்ளம்பன்றி நின்னுக்கிட்டிருந்துச்சு. முள்ளு முள்ளா வெள்ளை மணல் ஒட்டியிருந்துச்சு.

“மையா, கொஞ்சம் நில்லு. முதல்ல மண்ணு ஆடுச்சு. பிறகு கடல் உள்ளே போயிருச்சு. இப்ப என் முதுகுல கிடக்கிறது கடல் மணல். இந்த மூணுக்கும் என்ன சம்பந்தம்னு...”

“சம்பந்தத்தை எல்லாம் சாப்பிட்டுட்டுப் பேசலாம் அண்ணாச்சி! வாங்க!”

“நான் மீன் திங்கிறவன் இல்லை. வளையும் போச்சு. தேரிப் பக்கம் வேற இடம் பார்க்கப் போறேன்”னு சொல்லிட்டு, பனங்காட்டுக்குப் பின்னால இருந்த செம்மணல் மேட்டைப் பார்த்து நடந்துச்சு அண்ணாச்சி.

கடற்கரையில ஒரே கொண்டாட்டம். காட்டுப்பன்றி தலையைத் தூக்கவே இல்லை. கீரி ஒரு பாறை மேல நின்னுக்கிட்டு, எந்த மீனுக்கு எந்தப் பக்கம் முள்ளுன்னு பிரசங்கம் பண்ணிட்டிருந்துச்சு. நரிக்குட்டிங்க ரொம்ப தூரம் உள்ளே போயிருச்சுங்க.

மையன் மேலே பறந்து எல்லாரையும் பார்த்துச்சு. நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. பாட்டன் பூட்டன் வச்ச விருந்து கூட இம்புட்டுப் பெருசா இருந்திருக்காதுன்னு நினைச்சுச்சு.

அப்பத்தான் தூரத்துல ஒரு வெள்ளை வரியைப் பார்த்துச்சு.

கடலும் ஆகாசமும் சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு வரி. அண்ணாச்சி வளைச் சுவத்துல பார்த்த அதே மாதிரி வெள்ளை வரி. அது பார்க்கப் பார்க்கத் தடிச்சுக்கிட்டே வந்துச்சு. ‘மணலை எதுக்குய்யா தூக்கிட்டு வந்தாங்க?’ அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு மையனுக்கு அந்த நொடியில பதில் கிடைச்சுருச்சு. அதைத் தூக்கிட்டு வந்தது காக்கா இல்லை.

“ஓடுங்க! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க! கடல் திரும்பி வருது!”

கீரி நிமிர்ந்து பார்த்துச்சு. “இப்பத்தான் வாங்கன்னே. இப்ப ஓடுங்கறே! ஏன்ல, உன் சொந்தக்காரங்க யாரும் பிந்தி வர்றாங்களா?”

எல்லாரும் சிரிச்சாங்க.

“சத்தியமா சொல்றேன் அண்ணே!”

“தெரியும்டா. கூப்பிட்டுத் திங்கிற குலம்! பங்கு குறையுதுன்னதும் புத்தி மாறுது பாரு!”

மையன் செம்பிகிட்டப் பறந்துச்சு. செம்பி அப்பத்தான் ஈர மணலுக்கு வந்து சேர்ந்திருந்துச்சு. மையன் குரலைக் கேட்டதுமே அது சிரிப்பு நின்னுபோச்சு. அது சந்தேகப்படலை.

“குட்டிங்க எங்க தம்பி?”

“உள்ளே நிக்குதுங்க அக்கா! நீ திரும்பி ஓடு! நான் கூட்டிட்டு வாரேன்!”

“பிள்ளைங்களை விட்டுட்டு எங்கடா ஓடுறது?” செம்பி அந்த நொண்டிக் காலோட கடலைப் பார்த்தே ஓடுச்சு. “ஒருத்தனையாவது காப்பாத்திடு தம்பி!”

மூத்த ரெண்டு குட்டியும் ஒரு பள்ளத்து ஓரமா நின்னுக்கிட்டிருந்துச்சுங்க. ரெண்டு வாயிலயும் ஆளுக்கொரு மீன். பல்லு படலை.

“ஓடுங்கடா!”ன்னு மையன் கத்துச்சு.

ரெண்டும் தலையை ஆட்டுச்சுங்க. வாயைத் திறந்தா மீன் விழுந்துரும். அம்மா வர்ற வரைக்கும் நிக்கணும். அம்மாதான் அதோ வருதே.

மையன் இறக்கையால அடிச்சுப் பார்த்துச்சு. கொத்திப் பார்த்துச்சு. ரெண்டும் கண்ணை மூடிக்கிட்டு நின்னுச்சுங்க. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைங்க.

பக்கத்துல வம்பன் பாதி மீனைத் தின்னு முடிச்சிருந்துச்சு. மையன் யோசிக்கலை. பிறந்ததுல இருந்து செய்யாத காரியத்தைச் செஞ்சுச்சு. குட்டி வாயில இருந்த மீனை வெடுக்குன்னு பிடுங்கிட்டுப் பறந்துச்சு.

“ஏய்! திருட்டுக் காக்கா! குடு மாமா என் மீனை!”

வம்பன் துரத்துச்சு. மையன் தரையை ஒட்டிப் பறந்துச்சு. ரொம்ப மேலே போனா விட்டுரும், ரொம்பக் கிட்டப் போனா பிடிச்சுரும். ஈர மணலைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, தேரி மேட்டுல ஏறி, உச்சியில நின்ன முள்ளம்பன்றி பக்கத்துல போய் மீனைப் போட்டுச்சு. வம்பன் பாய்ஞ்சு வந்து மீன்மேல விழுந்துச்சு.

மையன் அடுத்த குட்டி வாயில இருக்கிறதைப் பிடுங்கத் திரும்புச்சு. திரும்பறதுக்குள்ள கடல் பனங்காட்டுக்குள்ள வந்துருச்சு.

தண்ணி வடிஞ்சப்புறம் மையனும் அண்ணாச்சியும் கீழே இறங்கிப் பார்த்தாங்க. பன்றி இல்லை. கீரி இல்லை. செம்பியும் ரெண்டு குட்டியும் இல்லை. கறுப்பு மண்ணே தெரியலை. காடு முழுக்க ஒரு சாண் கனத்துக்கு வெள்ளை மணல். அதுல சிப்பி, சங்கு, நண்டு ஓடு.

“நாலாவது வரி”ன்னுச்சு அண்ணாச்சி.

பனைமரத்துக்குப் பனைமரம் மீன் கிடந்துச்சு. மையன் பழக்கதோஷத்துல ஒரு மட்டைமேல ஏறி வாயைத் திறந்துச்சு. கூப்பிட யாரும் இல்லை. வாயை மூடிக்கிச்சு.

வருஷம் போச்சு. அந்த வெள்ளை மணல்மேல சருகு விழுந்து மக்கி, மறுபடியும் கறுப்பு மண்ணு படிய ஆரம்பிச்சுச்சு. எங்கேயோ இருந்து ஒரு கீரிக் குடும்பம் பனங்காட்டுக்குப் புதுசா குடி வந்துச்சு. வளை தோண்டின கீரிக்குட்டி, வாயில கவ்வியிருந்த நண்டைக் கீழே வச்சுட்டு, “மாமா, இதென்ன நடுவுல வெள்ளையா?”ன்னு மையனைக் கேட்டுட்டு மறுபடியும் கவ்விக்கிச்சு.

“அது கடல் வந்துட்டுப் போன தடம்டா. இதுக்குக் கீழே இன்னும் மூணு இருக்கு. இதுக்கு மேலயும் ஒண்ணு வரும். எப்பன்னு யாருக்கும் தெரியாது. மண்ணு ஆடுச்சுன்னா...”

மையன் சொல்லி முடிக்கலை. தேரி மேட்டுல இருந்து ஒரு குரல் வந்துச்சு. வளர்ந்து பெரிய நரியாயிருந்த வம்பன்.

“மாமா! காத்தே இல்லை, ஓலை சலசலங்குது! வா மாமா!”

மையன் பாதிப் பேச்சை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுச்சு. போறப்ப கீரிக்குட்டி வாயில இருந்த நண்டை வெடுக்குன்னு பிடுங்கிட்டு, தரையை ஒட்டி, மேட்டைப் பார்த்துப் பறந்துச்சு.

“திருட்டுக் காக்கா! நில்லு!”ன்னு கீரிக்குட்டி துரத்த, அதைப் பிடிக்க அது அப்பனும் ஆத்தாவும் பின்னாலயே ஓடுச்சுங்க.

கூப்பிட்டுக் கொடுக்கிற நல்ல மனசு மட்டும் போதாது. நாம நிக்கிற மண்ணு முன்னாடி என்ன செஞ்சுதுன்னும் தெரிஞ்சு வச்சிருக்கணும்.