பவளத்தோட குளம்பு

ஒரு ஊர்ல ஒரு குதிரை வண்டி இருந்துச்சு. மலையடிவாரத்து ஊரு. வண்டியை ஓட்டினது மொக்கையன், இழுத்தது பவளம்னு ஒரு செவலைக் குதிரை. மொக்கையன் பொண்டாட்டி சுருளியம்மா வண்டியில ஏறினதைவிட குதிரை காலடியில உக்காந்திருந்ததுதான் அதிகம். ஏன்னா, பவளத்தோட குளம்பு நாலும் அவ பொறுப்பு. ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

சாயங்காலம் வண்டி வந்து நின்னதும் குதிரை கணுக்கால்ல லேசாத் தட்டுவா. பவளம் காலைத் தூக்கி அவ மடியில வச்சிரும். வளைஞ்ச கம்பியால குளம்புக்குள்ள சொருகியிருக்கிற கல்லு, அப்பியிருக்கிற சாணி எல்லாத்தையும் சுரண்டுவா, சர்க்கு சர்க்குன்னு. அப்புறம் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, கோழி இறகால வேப்பெண்ணெய் தடவுவா. பவளம் அவ முதுகுமேல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு நிக்கும்.

அப்புறம் மொக்கையன் காய்ச்சல்ல செத்துப்போனான். கருமாதி முடிஞ்ச கையோட அவன் தம்பி வீரணன் வந்து, பொம்பளை வண்டி ஓட்டவா முடியும்னு சொல்லி, குதிரையையும் வண்டியையும் ஓட்டிக்கிட்டுப் போனான். சொந்தக்காரங்களும் அதான் சரின்னாங்க. சுருளியம்மா சண்டை போடல. குதிரை உங்கிட்டயே இருக்கட்டும், அதோட காலை மட்டும் நான் வந்து பாத்துக்கிறேன்னு கேட்டா. சரின்னான்.

கொஞ்ச நாள் ஒழுங்காப் போச்சு. ஆனா வண்டி நின்னதும் பவளம் வீரணனைத் திரும்பிக்கூடப் பாக்காது. சுருளியம்மா வர்ற பாதையைப் பாத்துத்தான் கனைக்கும். கடைத்தெருவுல, அவதான்டா எசமானி, நீ வெறும் வண்டிக்காரன்னு சிரிச்சாங்க. அது அவனுக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. இனிமே கொட்டகைப் பக்கமே வரவேண்டாம்னு மதினிகிட்ட சொல்லிட்டான்.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ மழைக்காலம் வந்துச்சு. கொட்டகை ஒழுகி, சாணியும் மூத்திரமும் மழைத்தண்ணியுமா சொதசொதன்னு கிடக்கு. பவளம் அதுலயே நிக்குது. வேலிக்கு வெளிய நின்னு பாத்த சுருளியம்மா, காஞ்ச மணலாவது அள்ளிக் கொட்டு தம்பின்னா. காட்டுக் குதிரைக்கெல்லாம் எவன் மணல் கொட்டுறான்னு கேட்டு அனுப்பிட்டான்.

அப்புறம் குளம்புல இருந்து வாடை வந்துச்சு. செத்த எலி வாடை. வண்டியில ஏறினவங்க மூக்கைப் பொத்தினாங்க. உள்ளுக்குள்ள அழுகுது, சுரண்டிக் காய விடணும்னு ரெண்டாவது தடவை போய்ச் சொன்னா. அவன் என்ன பண்ணினான் தெரியுமா? வண்டியில ஊதுபத்தி கொளுத்திச் சொருகிட்டான்.

அப்புறம் பவளம் நொண்ட ஆரம்பிச்சுச்சு. மூணாவது தடவை சுருளியம்மா அவன் வாசல்ல போயி நின்னு, ஒரே ஒரு நாள் நான் பாக்குறேன்னு கெஞ்சினா. லாடம் தேஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்லன்னுட்டான் வீரணன். அவ கண்ணு முன்னாலயே லாடக்காரனைக் கூப்பிட்டான். லாடக்காரன் குளம்பை மோந்து பாத்துட்டுத் தயங்கினான். நீ அடின்னான் இவன். அழுகின குளம்பு மேலயே புது லாடம் ஏறுச்சு. டொக்... டொக்... டொக். ஒவ்வொரு அடிக்கும் பவளத்துக்கு உடம்பெல்லாம் நடுங்குச்சு. சுருளியம்மா காதைப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு நடந்தா.

அப்புறம் சந்தைக்குப் போற வழியில, மேட்டுல ஏறுறப்போ, பவளம் தொபுக்குன்னு விழுந்துச்சு. எழுந்திரிக்கல. வீரணன் சுருளியம்மா வீட்டுக்கு ஓடிவந்தான்.

"மதினி, வாங்க மதினி. நீங்க தொட்டா எந்திரிச்சிரும்."

வளைஞ்ச கம்பியை எடுத்துக்கிட்டு ஓடினா. ரோட்டுலயே உக்காந்து லாடத்தைப் பேத்தெடுத்தா. சொளக்குன்னு கறுப்பா சீழ் கொட்டுச்சு. எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. கம்பியைக் கீழ வச்சிட்டு, குதிரையோட தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. பொழுது சாயுறப்போ பவளம் போயிருச்சு.

ஊரு என்ன சொல்லுச்சு? வீரணன் ரோட்டுல புரண்டு அழுததைப் பாத்துட்டு, பாவம் அவன்னு சொல்லுச்சு. வேலியோரமா நின்னு நின்னு பாத்தாளே, அவ கண்ணு பட்டுத்தான் குதிரை செத்துச்சுன்னு சொல்லுச்சு. அதெல்லாம் இல்லைன்னு வீரணன் ஒரு வார்த்தை சொல்லல.

அப்புறம் அவன் ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினான். வயசு கம்மி, மிரண்டு மிரண்டு பாக்குது. இந்தத் தடவை அவனுக்குப் பயம். குதிரையைப் பிடிச்சுக்கிட்டு அவ வாசலுக்கே வந்து, இதோட காலை நீங்கதான் பாத்துக்கணும் மதினின்னான். முன்னங்கால் குளம்புல ஒரு கல்லு சொருகியிருந்தது அவளுக்குத் தெரிஞ்சுது.

"என் கண்ணு பட்டுரும் தம்பி. ஓட்டிட்டுப் போ."

கதவைச் சாத்திட்டா.

அப்போ அவ மனசு ஆறுச்சான்னா, ஆறல. அடுப்புல வச்ச கஞ்சி தொடாமக் கிடந்துச்சு. அவன்மேல கோவம்னா அவனோட, அந்த வாயில்லாச் சீவன் என்ன பண்ணுச்சு, அந்தக் கல்லையாவது எடுத்துவிட்டிருக்கலாமேன்னு கதவுக்குப் பின்னாலயே உக்காந்திருந்தா.

என்ன? போயி எடுத்தாளான்னு கேக்குறியா?

எடுக்கல, கண்ணு. கதை அதோட நின்னு போச்சு. நீ காலை நீட்டிப் படு.